கொடையும் கடனும் காப்புறுதியும்: கொள்ளைநோய்க் காலத்து அரசுதவி பற்றிய ஒரு மதிப்பீடு

பொருளைப் பற்றிய அரசின் கடமைகளை நான்காக வகுத்துக் காட்டுதல் தமிழர்க்குப் பழகிய நெறியாகும். பொருள் வரும் வாயில்களை உண்டாக்குதல் ஒன்று. வந்ததைச் சேர்த்தல் மற்றொன்று. சேர்த்ததைச் சிதறாது பேணுதல் மூன்றாவது. பேணியதை உரியோர்க்கு உரிய வேளையிற் பகிர்ந்தளித்தல் நான்காவது. திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் இக்கருத்தை வகுத்துரைத்திருத்தல் மாணவர் அறிந்ததே. முதன் மூன்று கடமைகளிலும் ஓர் அரசு தேர்ச்சி பெற்றுள்ளதா என்பதை ஆண்டுதோறும் வரும் வரவுசெலவுத் திட்டத்தைக் கொண்டே ஓரளவு துணியலாம். நான்காவதன் தகுதியோ இடர் வந்தடுக்கும் நாளில் மாத்திரமே வெளிப்படும். அத்தகைய நாள் இலங்கைக்கு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி வந்தது. அன்று மாலை நாடெங்கணும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கோவிட் என்னும் கொள்ளைநோயினின்றும் உயிரைக் காக்கும் பொருட்டு அரசு தொழிலை நிறுத்தியது. நிறுத்திய அரசு, தொழிலாளர்க்கும் தொழில்கொள்வோர்க்கும் யாது செய்தது, செய்தது போதியதா, போதாதாயின் குறை யாண்டுளது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

ஆராய்ச்சிக்குப் புகுமுன் மூன்று சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அரசு தன் கையிலுள்ளதை இல்லாதவனுக்கு ஈதல் கொடை. பின்னர்த் திருப்பித் தருக என்னும் நிபந்தனையோடு ஈதல் கடன். பலர் நற்காலத்திற் சிறிது சிறிதாகச் செலுத்திச் சேர்த்த பொதுநிதியினின்றும், இடருற்றவன் தன் உரிமையாகப் பெறுதல் காப்புறுதி. கொடை பெறுவோன் தன் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியவன். கடன் பெறுவோன் தன் செல்வத்தை, அஃதாவது ஈடுவைக்கத் தக்க பொருளை, மெய்ப்பிக்க வேண்டியவன். காப்புறுதி பெறுவோனோ தான் தொழில் செய்தமையையும் அத்தொழில் தன் குற்றமின்றி நின்றமையையும் மெய்ப்பித்தாற் போதும். இம்மூன்றனுள் தொழிலாளியின் மானத்தைக் குலையாது நிற்பது இறுதியிற் கூறியதே.

இலங்கையின் தொழிற் சட்டங்கள் குறைந்தனவல்ல. 1941இற் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954இற் கடை, அலுவலக ஊழியர் சட்டமும், 1958இல் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் இயற்றப்பட்டன. சேமலாப நிதிக்குத் தொழிலாளி தன் சம்பளத்தில் 8 வீதமும், தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்துகின்றனர். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு சேவை நிறைந்தோர்க்கு ஒவ்வோராண்டுக்கும் அரைமாதச் சம்பளம் உரித்தாக்கியது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்கக் குற்றமன்றி வேறு காரணத்தால் ஒரு தொழிலாளியை நிறுத்துதற்கு அவன் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதியையோ வேண்டுகின்றது.

இச்சட்டங்களை ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தொழில் நடைபெறும் பொழுது தொழிலாளிக்குக் காப்புண்டு. தொழில்வாழ்வு முடிந்து முதுமை எய்தும் பொழுதும் ஓரளவு காப்புண்டு. இடையில் தொழில் நின்றுபோகும் பொழுது காப்பில்லை. சேமலாப நிதியிலுள்ள பணம் ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் உரித்தாவது. வீடு, மருத்துவம் என்பவற்றின் பொருட்டு ஒரு பகுதியை முன்னரே பெறுதற்கு இடமுண்டெனினும், வேலையிழப்பின் பொருட்டுப் பெறுதற்கு இடமில்லை. நம்பிக்கை நிதியை வேலையை விட்டு நீங்கியவர் பெறலாமாயினும், அது தொழிலாளியின் சொந்தச் சேமிப்பேயன்றிப் பலர் இடரைப் பலர் தாங்கும் காப்புறுதியன்று. 1971ஆம் ஆண்டுச் சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் பதினைந்து பேருக்குக் குறைந்த தொழிலகங்களைத் தீண்டுவதில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடைகளிலும், தையலகங்களிலும், தச்சுப் பட்டடைகளிலும், சிகையலங்கார நிலையங்களிலும் பதினைந்து பேர் வேலைசெய்வன எத்துணை என எண்ணிப் பார்ப்பார்க்கு இவ்வரம்பின் விளைவு எளிதில் விளங்கும்.

சர்வதேசத் தொழில் தாபனம் 1952ஆம் ஆண்டு நிறைவேற்றிய 102ஆம் இலக்கச் சமவாயம் சமூகப் பாதுகாப்பை ஒன்பது கிளைகளாகப் பகுத்தது. மருத்துவம், நோய், முதுமை, மகப்பேறு முதலியவற்றோடு வேலையின்மையும் அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டது. பிரித்தானியா 1911ஆம் ஆண்டிலேயே தேசியக் காப்புறுதிச் சட்டத்தால் சில தொழில்களுக்கு வேலையின்மைக் காப்புறுதியைத் தொடங்கிவிட்டது. இலங்கையிலோ இக்கருத்துப் பன்முறை பேசப்பட்டும் செயலாகவில்லை. ஆகவே, 2020ஆம் ஆண்டின் இடர் வந்தபொழுது அரசின் கையில் ஆயத்தமான கருவி ஒன்றும் இருந்ததில்லை. கையிற் கிடைத்தவற்றைக் கொண்டே கருமமாற்ற வேண்டியதாயிற்று.

அவ்வாறு ஆற்றிய கருமங்கள் மூன்று. முதலாவது, வருமானமிழந்த குடும்பங்களுக்கு 2020 ஏப்பிரல், மே மாதங்களில் வழங்கப்பட்ட 5,000 ரூபாய்க் கொடுப்பனவு. இரண்டாவது, மே மாதத்தில் தொழில் அமைச்சின் முன்னிலையிற் தொழில்கொள்வோர் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட உடன்பாடு. வேலைக்கு அழைக்க இயலாத தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திற் பாதியேனும் 14,500 ரூபாயேனும், இவற்றுள் எது மிகுதியோ அது கொடுக்கப்படுதல் வேண்டுமென்பது அதன் சாரம். மூன்றாவது, மத்திய வங்கி வகுத்த கடன் ஏற்பாடு. நான்கு வீத வட்டியில் தொழில் நடத்துதற்கான முதலை வங்கிகள் வாயிலாக வழங்குதற்கு அது வழிசெய்தது. முச்சக்கரவண்டி முதலியவற்றின் தவணைப் பணத்தையும், நலிந்த தொழில்களின் கடன் தவணைகளையும் சில மாதங்கள் ஒத்திவைத்தது.

இம்மூன்றையும் ஒருங்கே பழித்தல் நடுவுநிலைமையன்று. ஐயாயிரம் ரூபாய்க் கொடுப்பனவுக்கு ஒரு பெருஞ்சிறப்புண்டு. அது சம்பளப் பதிவேட்டில் பெயரில்லாதவனையும் சென்றடைந்தது. கிராம அலுவலரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் ஊரடங்கு வேளையிலே வீடுவீடாகச் சென்று பெயர் திரட்டினர். குடாநாட்டின் கூலித் தொழிலாளர்க்கு அரசின் கை எட்டிய வழி அஃதொன்றே எனல் மிகையாகாது. எனினும் அதன் அளவை நோக்குமிடத்துக் குறை தெற்றெனத் தெரியும். அக்காலத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 10,000 ரூபாய். அதிற் பாதியே ஒரு முழுக் குடும்பத்திற்கு அளிக்கப்பட்டது. அதே அரசின் முன்னிலையில் முத்தரப்பினர் தகுதியென ஒப்பிய 14,500 ரூபாயோடு ஒப்பிடின் அது மூன்றிலொரு பங்கினும் சிறிதே மிக்கது. இரண்டு மாதங்களின் பின் அது நின்றது, நோய் நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் மீண்டும் நாடு முடக்கப்பட்ட வேளை வழங்கப்பட்ட தொகை 2,000 ரூபாயாகக் குறுகிற்று. ஒருவன் இழந்தது எவ்வளவு என்பதை நோக்காது, அரசிடம் இருப்பது எவ்வளவு என்பதை நோக்கி அளக்கப்படுவதே கொடையின் இயல்பு. அவ்வியல்பு இங்கு மறைவின்றி வெளிப்பட்டது.

முத்தரப்பு உடன்பாடு வேறு வகையாற் பாராட்டத் தக்கது. தொழிலாளியைத் தொழிலினின்றும் அறுத்துவிடாது, வேலையில்லாத காலத்தும் அவனைத் தொழிலகத்தோடு பிணைத்து வைப்பது அதன் நோக்கம். இதுவே பிற நாடுகளிற் சம்பள உதவித் திட்டங்களின் உயிர்நாடியுமாகும். ஆயினும் ஒரு வேறுபாடு உளது. பிறநாடுகளில் அச்சம்பளத்தின் பெரும்பகுதியை அரசு அல்லது காப்புறுதி நிதி சுமந்தது. இங்கோ சுமை முழுவதும் தொழில்கொள்வோர் தலையிலேயே வைக்கப்பட்டது. கதவடைத்த கடைக்காரனுக்கு வரவில்லை. வரவில்லாதவனிடம் அரைச் சம்பளம் கேட்கப்பட்டது. பெருநிறுவனங்கள் இதனைத் தாங்கியிருக்கலாம். கஸ்தூரியார் வீதியிலே மூவரை வைத்து நகைத்தொழில் செய்பவனோ, சுன்னாகச் சந்தையருகே இருவரை வைத்து உணவகம் நடத்துபவனோ இதனை எங்ஙனம் தாங்குவான்? மேலும், அத்தகையோர் எவரும் அவ்வுடன்பாட்டிற் கைச்சாத்திட்ட சம்மேளனத்தைச் சார்ந்தவரல்லர். பணமின்றி விதிக்கப்படும் கடமை அறவுரையாக நிற்குமேயன்றி அடுப்பை எரியச் செய்யாது.

இக்குறையை நிரப்புதற்கே கடன் ஏற்பாடு எனச் சிலர் விடை கூறுவர். வட்டி குறைவு என்பது மெய்யே. ஆயின், விற்பனைக்கு வந்த பொருளை வாங்குதற்கு எடுத்த கடனை அப்பொருளை விற்று அடைக்கலாம். விளைவு எதனையும் தராத ஊரடங்கு நாள்களின் சம்பளத்திற்கு எடுத்த கடனை எதனை விற்று அடைப்பது? இழப்பைப் பலர்மேற் பரப்புவது காப்புறுதி. இழப்பை ஒருவன்மேலேயே வைத்து, நாளை சுமக்குமாறு ஒத்திவைப்பது கடன். அன்றியும் வங்கிகள் கணக்கேடும் வரிப்பதிவும் ஈடும் உடையாரையே முதலில் நோக்கும். அவை இல்லாத சிறுதொழிலாளர்க்கு நான்கு வீதமும் நாற்பது வீதமும் ஒன்றே.

குடாநாட்டுத் தொழில்கள் சிலவற்றை எடுத்து நோக்கின் இவ்வாய்வு மேலும் தெளிவுறும். பனையிலிருந்து கள்ளிறக்கும் சீவற்றொழிலாளியை முதலிற் கருதுக. ஆண்டின் முற்பகுதியே அவன் பருவம். பாளையை நாடோறும் சீவுதல் வேண்டும். சீவாது விடின் சுரப்பு நின்று பருவத்து உழைப்பெல்லாம் வீணாகும். ஊரடங்கில் மதுவிற்பனை நிலையங்களெல்லாம் மூடப்பட்டன. இறக்கிய கள் ஒரு நாளும் நில்லாது புளிக்கும் பொருள். ஆகவே, ஏறினும் வருவாயில்லை, ஏறாதொழியினும் வருவாயில்லை என்னும் நிலைக்கு அவன் தள்ளப்பட்டான். அவனுக்குத் தொழில்கொள்வோர் எவருமிலர்; எனவே அரைச் சம்பளம் தருவாருமிலர். சுருட்டுக் கொட்டிலிற் சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவனும் அத்தகையனே. சுருட்டுத் தெற்கே செல்லும் பாதை அடைபட்டால் கொட்டிலும் அடைபடும். அவனுக்கு மாதச் சம்பளம் என ஒன்றில்லாமையால் அதிற் பாதி என்பதும் இல்லை. கடற்றொழிலாளரோ கடலுக்குச் செல்ல இசைவு பெற்ற நாளிலும் வாங்குவாரின்றி வருந்தினர். இம்மூவர்க்கும் உடன்பாடும் பயனளிக்கவில்லை, கடனும் பயனளிக்கவில்லை, கொடை ஒன்றே இரு மாதங்கள் வந்து போயிற்று.

இனிப் பிற நாடுகள் செய்தவற்றை ஒப்புநோக்கல் தகும். பிரித்தானியா வேலை நின்ற தொழிலாளியின் சம்பளத்தில் 80 வீதத்தை, மாதத்திற்கு 2,500 பவுணுக்கு மேற்படாது, தானே ஏற்றது. 2020 மார்ச்சு முதல் 2021 செப்ரெம்பர் இறுதிவரை நிகழ்ந்த அத்திட்டத்தால் ஏறத்தாழ ஒரு கோடியே பதினேழு இலட்சம் வேலைகள் தாங்கப்பட்டன. செலவு ஏறத்தாழ 7,000 கோடி பவுண். சேர்மனி, வேலைநேரம் குறைந்தோர்க்கு இழந்த நிகரச் சம்பளத்தில் 60 வீதமும், பிள்ளையுடையோர்க்கு 67 வீதமும் காப்புறுதி நிதியிலிருந்து கொடுக்கும் பழைய ஏற்பாட்டை விரித்தது. கனடா 1940ஆம் ஆண்டு முதல் வேலையின்மைக் காப்புறுதியை உடைய நாடு. ஆயினும் 2020 மார்ச்சில் ஒருங்கே வந்து குவிந்த விண்ணப்பங்களை அம்முறை தாங்கவில்லை. எனவே நான்கு வாரத்திற்கு 2,000 டொலர் வழங்கும் புதிய உதவியொன்றை அந்நாடு அமைத்தது. வருமானம் வீழ்ந்த தொழில்கொள்வோர்க்குச் சம்பளத்தில் 75 வீதம் வரை மானியமும் அளித்தது. இவையும் குற்றமற்றனவல்ல. தகுதியற்றோர் பெற்றதும், பின்னர் அதனைத் திருப்பிக் கேட்டபொழுது ஏழைகள் இன்னலுற்றதும் அந்நாடுகளிலேயே கண்டிக்கப்பட்டன. எனினும் ஒரு பாடம் உளது: காப்புறுதியின் பொருட்டு முன்னரே பேணப்பட்ட பதிவேடு இருந்தமையாலேயே அந்நாடுகள் சில நாள்களுக்குள் பணத்தை உரியோர் கையிற் சேர்க்க முடிந்தது.

இவை செல்வ நாடுகள், இலங்கைக்கு உவமையாகா என்பார்க்கு அயல்நாடான இந்தியா விடையாகும். அங்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிலாளர் அரசுக் காப்புறுதிக் கழகம், 2018இல் வேலையிழந்தோர்க்கு உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. முன்னர்ச் சராசரி ஊதியத்தில் 25 வீதமாக இருந்த உதவி 2020இல் 50 வீதமாக உயர்த்தப்பட்டது. தொண்ணூறு நாள்வரை பெறலாமென்றும், தொழிலாளி தானே நேரில் விண்ணப்பிக்கலாமென்றும் விதிகள் இளக்கப்பட்டன. பதிவில்லாத பெருந்தொகையினரை அது எட்டவில்லை என்பது அதன் குறை. ஆயினும் செல்வம் மிகாத நாட்டிலும் காப்புறுதி இயலும் என்பதற்கு அது சான்று.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்திற்கே சிறப்பாக உரிய ஒரு நிகழ்ச்சி சிந்தித்தற்குரியது. 2019இல் இலங்கைக்கு வெளிநாட்டிலுள்ளார் அனுப்பிய பணம் 671 கோடி அமெரிக்க டொலர். கொள்ளைநோய் ஆண்டாகிய 2020இல் அது 710 கோடியாக உயர்ந்தது. உலகெங்கும் தொழில் நின்ற ஆண்டில் இஃது எவ்வாறு உயர்ந்தது? காரணங்கள் பலவாகலாம். அவற்றுள் ஒன்று ஊகித்தற்கு அரிதன்று. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் வாழும் உறவினர் பலர் வேலை நின்ற நாளிலும் அவ்வந்நாட்டு அரசுதவியால் வருவாயிழவாதிருந்தனர். அவ்வருவாயில் ஒரு கூறு வலிகாமத்து வீடுகளுக்கும் வடமராட்சி வீடுகளுக்கும் வந்திருத்தல் கூடும். அங்ஙனமாயின் குடாநாட்டுக் குடும்பங்கள் சிலவற்றை வேற்று நாட்டாரின் காப்புறுதியே தாங்கிற்று எனல் வேண்டும். வெளிநாட்டில் உறவில்லாத அயல்வீட்டானுக்கோ அத்தாங்கலும் இல்லை. உறவின் தயவால் ஒரு வேலிக்கு இப்பால் உலையும் அப்பால் பசியுமாக இருத்தல் சமூகப் பாதுகாப்பு ஆகாது.

காப்புறுதியை மறுப்போர் கூறும் தடைகள் மூன்று. முதலாவது, பணமில்லை என்பது. 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களை இறுக்க இயலாதென அறிவித்த அரசினிடம் காப்புறுதி கேட்டல் தகுமா என வினவுவர். இடர் வந்த பின் அரசின் திறைசேரியை நாடாது, இடர் வருமுன்னரே தொழிலாளரும் தொழில்கொள்வோரும் செலுத்தும் பணத்தில் நிற்பதே காப்புறுதி. திறைசேரி வறியதாகுமிடத்தே அதன் தேவை மிகும். இரண்டாவது, தொழில்கொள்வோர் சுமை முன்னரே மிக்கது என்பது. இஃது எளிதில் தள்ளத் தக்கதன்று. சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் மேல் மற்றொன்று ஏற்றுவதினும், நம்பிக்கை நிதிக்கு இப்பொழுது செலுத்தப்படும் 3 வீதத்தில் ஒரு கூற்றைப் பொதுக் காப்புறுதியாக மாற்றுதல் நன்று. தனித்தனிச் சேமிப்பு அவ்வளவிற்குக் குறையுமெனினும், பலர் சேர்ந்து தாங்கும் வலிமை பெருகும்.

மூன்றாவது தடையே பெரியது. அரசு காக்கும் நிதியை யார் காப்பார் என்பது அது. இவ்வச்சத்திற்கு ஆதாரமுண்டு. 1987இல் உழவர் ஓய்வூதியத் திட்டம் சட்டமாயிற்று. செலுத்திய தொகை சிறிது, வாக்களித்த தொகை பெரிது ஆகையால் அந்நிதி நலிந்து கொடுப்பனவு தடைப்பட நேர்ந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்பொழுது, சேமலாப நிதியின் கையிலிருந்த அரசுக் கடன் முறிகள் 2025 வரை 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தருவனவாக மாற்றப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு விலைவாசி ஏற்றம் 70 வீதத்தை அணுகியிருந்தது. ஆகவே, தொழிலாளர் நிதி அரசின் அவசரப் பணப்பையாகுமாறு அமையின் காப்புறுதி என்னும் பெயர் மட்டுமே எஞ்சும். கணக்கியல் முறைப்படி அளந்த சந்தாவும், மூன்று தரப்பாரும் ஒப்ப அமரும் ஆளுகையும், ஆண்டுதோறும் வெளியிடப்படும் கணக்கும் அதன் மூன்று தூண்களாதல் வேண்டும்.

இவையெல்லாம் அமைந்தும், பதிவேட்டில் இல்லாத சீவற்றொழிலாளியையும் சுருட்டுத் தொழிலாளியையும் சேர்க்க வழி யாது? இதற்கு விடையைக் குடாநாடு வெளியே தேடவேண்டியதில்லை. கூட்டுறவு இயக்கம் இங்கு ஆழ வேரூன்றியது. 1930களிலேயே மூளாயில் ஊரவர் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை அமைத்தனர். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தம் அங்கத்தவரின் பெயரையும் உற்பத்தியையும் நாடோறும் பதிகின்றன. சம்பளப் பட்டியல் செய்யும் வேலையை அப்பதிவேடுகள் செய்யவல்லன. சந்தாவைச் சேர்ப்பதும், தொழில் நின்றமையை உறுதிப்படுத்துவதும் சங்கத்தின் கடமையாகலாம்.

ஆயினும் சங்கத்தோடு நின்றுவிடுதலும் தவறாகும். ஊர்தோறும் மரண சகாய நிதிச் சங்கங்கள் பல்லாண்டு நன்கு நடைபெறுகின்றன. காரணம் யாது? ஊரார் அனைவரும் ஒரே நாளில் இறப்பதில்லை. ஒருவன் இழப்பை மற்றையோர் தாங்க முடிகின்றது. கொள்ளைநோயோ எல்லார் தொழிலையும் ஒரே நாளில் நிறுத்தியது. குளம் ஒன்றே வற்றின் அயற்குளம் உதவும். நாடே வறண்டால் எந்தச் சிறு குளமும் உதவாது. ஆதலின் ஊர்ச் சங்கம் வாயிலாகச் சேர்ந்து, நாடு தழுவிய நிதியிற் கலந்து, அந்நிதியும் தாளாத வேளையில் அரசு பின்னின்று தாங்கும் அமைப்பே இத்தகைய இடருக்கு ஏற்றது. கனடாவின் காப்புறுதி முறையே தனித்து நிற்க இயலாமற்போன செய்தி இதனை வலியுறுத்தும்.

2023இல் சமுர்த்திக்கு ஈடாக அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் வந்தது. அது வறுமையை அளந்து கொடுப்பது; நேற்றுவரை உழைத்து இன்று வேலையிழந்தவனைக் காண்பதற்கு அமைந்ததன்று. அவன் வறியவனாகும்வரை காத்திருந்து, வறியவனான பின் அவனை வரிசையில் நிறுத்துதல் அறிவுடைய அரசின் செயலாகாது. 2020ஆம் ஆண்டில் அரசு செய்தவற்றுள் கொடை விரைவாற் சிறந்தது, அளவாற் குறைந்தது. உடன்பாடு கருத்தாற் சிறந்தது, பொருளின்மையாற் குறைந்தது. கடன் வட்டியாற் சிறந்தது, இழப்பை இழந்தவன்மேலேயே வைத்தமையாற் குறைந்தது. மூன்றும் ஒருங்கு காட்டும் குறை ஒன்றே: பகுத்தளித்தற்கென்று முன்னரே சேர்த்துப் பேணிய பொருள் அரசின் கையில் இல்லை. பொருளியலும் சட்டமும் கணக்கியலும் பயிலும் இளைஞர் இத்துறையில் தம் கல்வியைச் செலுத்துவாராயின், அடுத்த இடர் வரும் நாளிற் சீவற்றொழிலாளி கிராம அலுவலரின் பட்டியலில் தன் பெயர் உளதோ எனத் தேடி நில்லாது, தன் சங்கத்திற்குச் சென்று தனக்குரியதைக் கேட்டுப் பெறுவான்.